ஒட்டுசுட்டானில் ஒரு மொரிஸ் மைனர்: புத்தகம் இருக்கிறது, கையெழுத்துப் போட ஆள் இல்லை

குளக்கட்டு:
எல்லோருக்கும் வணக்கம். ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு வளவில் மொரிஸ் மைனர் ஒன்று கிடக்கிறது, இரண்டு கதவு, சிங்களச் சிறீ எழுத்துள்ள பழைய இலக்கம், பதிவுப் புத்தகத்தில் 1959 என்று இருக்கிறது. விற்பவரின் தகப்பன் 1986இல் சாவகச்சேரியில் ஒரு வாத்தியாரிடம் வாங்கியதாம். தன் பெயருக்கு மாற்றவே இல்லை. வாத்தியார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த படிவம் ஒன்று திகதி எழுதாமல் அப்படியே கிடக்கிறது, தகப்பனும் 2003இல் போய்விட்டார். 2008 கடைசியில் குடும்பம் இடம்பெயர்ந்தபோது காரைக் கொட்டிலுக்குள் கல் அடுக்கி நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். திரும்பி வந்தபோது கொட்டிலுக்குக் கூரை இல்லை, காருக்குச் சில்லு நான்கும் இல்லை, இடப்பக்கக் கதவில் சன்னம் பட்ட ஓட்டை மூன்று. ஆனால் பொடி (காரின் உடல்) நல்ல பொடி, நிலத்தகடு உக்கவில்லை. விலை ஒன்பது லட்சம் சொல்கிறார். புத்தகம் ஒறிஜினல்தான், எண்ணெய் ஊறி அப்பளம் மாதிரி இருக்கிறது. வாங்கலாமா? பெயர் மாற்ற என்ன வழி?

வைரவர்கோயிலடி:
இதற்கெல்லாம் யோசிக்கிறதா தம்பி. ஓப்பன் பேப்பர் இருக்கிறது, புத்தகம் இருக்கிறது, வாங்கி ஓடு. எங்கள் ஊரில் பாதி ரக்ரர் அப்படித்தான் ஓடுகிறது. மைனரை மறித்து எந்தப் பொலிஸ்காரன் புத்தகம் கேட்கப் போகிறான், பக்கத்தில் நின்று படம்தான் எடுப்பான்.

ஓவசியர்:
வைரவர்கோயிலடி சொல்வதைக் கேட்டால் வைரவர்தான் காப்பாற்ற வேண்டும். தம்பி குளக்கட்டு, நான் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) இருந்து ஓய்வுபெற்றவன், வாகனப் பகுதியில் வேலை செய்யவில்லை, ஆனால் அந்த மேசைக்குப் பக்கத்து மேசையில் கன காலம் இருந்தேன். நிதானமாகக் கேள்.

முதல் விசயம், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் கண்ணில் இன்றைக்கும் அந்தக் காரின் சொந்தக்காரர் சாவகச்சேரி வாத்தியார்தான். 1986இல் காசு கைமாறியது உனக்கும் எனக்கும் தெரியும், பதிவேட்டுக்குத் தெரியாது. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி வாகனம் கைமாறினால் வாங்கியவர் 14 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். அதற்குத்தான் எம்.ரி.ஏ. 6, எம்.ரி.ஏ. 8 என்ற படிவங்கள், ஒன்று வாங்குபவர் தன் பெயருக்குப் பதியக் கேட்பது, மற்றது விற்றவர் கொடுத்துவிட்டேன் என்று அறிவிப்பது. நம் ஆட்கள் இரண்டிலும் கையெழுத்தை மட்டும் வாங்கி, திகதியும் பெயரும் எழுதாமல் மடித்து அலுமாரிக்குள் வைப்பார்கள், அதற்கு ஓப்பன் பேப்பர் என்று ஒரு பெயர். அடுத்தவனிடம் விற்கும்போது அதே பேப்பரைக் கொடுப்பார்கள். நான்கு கை மாறினாலும் பதிவில் ஒரு கைதான்.

கையெழுத்துப் போட்டவர் உயிரோடு இருக்கும்வரை இது ஓடும், அவர் போய்விட்டால் அந்தக் கையெழுத்தும் அவரோடு போய்விட்டது. இறந்தவரின் கையெழுத்துக்குக் கீழே இன்றைய திகதியைப் போட்டு நீட்டினால் அது மோசடி, அதைச் செய்யச் சொல்லி உனக்கு யாராவது யோசனை சொல்வார்கள், சொல்கிறவன் மறியலுக்கு வரமாட்டான். ஆகவே உன் முதல் வேலை வாத்தியார் இருக்கிறாரா இல்லையா என்று தேடுவது. ஒன்பது லட்சம் பேசுவது அதற்குப் பிறகு.

வைரவர்கோயிலடி:
ஓவசியர் ஐயா பயப்படுத்துகிறார். நான் பத்து வருடமாக ஓப்பன் பேப்பரில் ஹையேஸ் வான் ஓடுகிறேன், ஒன்றும் நடக்கவில்லை.

மாங்குளம் கராச்:
அண்ணை, ஒன்றும் நடக்காதவரைக்கும் ஒன்றும் நடக்காதுதான். என் கராச்சுக்கு வரும் ஒருவருடைய லொறி ஏ9 பாதையில் ஒரு மாட்டையும் ஒரு மனிசனையும் அடித்தது. பதிவில் இருந்தவர் அந்த லொறியை விற்று ஏழு வருடம், நீதிமன்றக் கடிதம் அவர் வீட்டுக்குத்தான் போனது. காப்புறுதிக்காரர் கேட்ட முதல் கேள்வியே வாகனம் யார் பெயரில் என்பதுதான். அதை விடுவோம், நான் எழுத வந்தது வேறு.

குளக்கட்டு, பேப்பரைப் பார்க்கும் முன் இரும்பைப் பார். மைனரில் பொனெற்றைத் திறந்தால் எஞ்சினுக்குப் பின்னால் நிற்கும் தகரச் சுவரில் ஒரு சின்னத் தகடு இருக்கும், செசி (அடிச்சட்ட) இலக்கம் அதில்தான். மண்ணெண்ணெய்த் துணியால் மெதுவாகத் துடை, அரத்தால் சுரண்டாதே, எழுத்து மழுங்கிவிடும். பிறகு சோக்குக் கட்டியைப் படுக்கவைத்துத் தேய்த்தால் இலக்கம் வெள்ளையாகத் தெரியும். தகட்டைப் பிடிக்கும் ஆணியைப் பார், சுற்றியுள்ள பெயின்ரும் ஆணித் தலையும் ஒரே வயதா? புது ஆணி என்றால் அந்தத் தகடு வேறு காரில் இருந்து வந்திருக்கலாம். எஞ்சின் இலக்கம் டைனமோவுக்கு மேலே புளொக்கில் இருக்கும். 9எம் என்று தொடங்கினால் 948 சீசீ, 10எம்ஏ என்று தொடங்கினால் 1098 சீசீ. 1098 எஞ்சின் மைனருக்கு வந்ததே 1962இல். புத்தகம் 1959 என்று சொல்ல எஞ்சின் 10எம்ஏ என்று சொன்னால் எஞ்சின் மாற்றியிருக்கிறார்கள், புத்தகத்தில் மாற்றவில்லை.

முன் கண்ணாடியையும் பார். 1956 கடைசி வரைக்கும் மைனருக்கு நடுவில் கம்பி வைத்த இரண்டு துண்டுக் கண்ணாடி, அதற்குப் பிறகு வந்த மைனர் 1000இல் வளைந்த ஒற்றைக் கண்ணாடி. 59 காரில் இரண்டு துண்டு இருந்தால் கொட்டிலுக்குள் நிற்பது வேறு பொடி.

பாலைப்பழம்:
என்னிடம் இருக்கும் ஒஸ்ரின் ஏ40 காரின் புத்தகத்தில் விலாசம் 'பரந்தன், யாழ்ப்பாண மாவட்டம்' என்று இருக்கிறது. பரந்தன் கிளிநொச்சியல்லவா? கள்ளப் புத்தகமோ என்று மனைவி கேட்கிறாள்.

ஓவசியர்:
பயப்பட வேண்டாம், நல்ல புத்தகம்தான். கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இல், அதற்கு முன் அது யாழ்ப்பாண மாவட்டம். அதற்கு முந்திய புத்தகத்தில் கிளிநொச்சி மாவட்டம் என்று இருந்திருந்தால்தான் நீ பயந்திருக்க வேண்டும். அதேபோல 1972க்கு முந்திய பதிவில் அடையாள அட்டை இலக்கம் இருக்காது, அட்டையே அந்த வருடம்தான் கொடுக்கத் தொடங்கினார்கள். பழைய சொந்தக்காரரை அடையாளம் காட்ட இன்றைக்குக் கஷ்டப்படுவது இதனால்தான், பெயரும் விலாசமும் மட்டும் வைத்துக்கொண்டு ஒரே பெயரில் ஊருக்கு மூன்று கந்தையா.

நெடுங்கேணியான்:
எல்லோரும் மறந்த ஒன்று: புத்தகத்துக்குக் கார் தேடுகிற கூட்டம். முள்ளிவாய்க்கால் பக்கம் எரிந்து குவிந்து கிடந்த வாகனங்கள் பழைய இரும்பாகப் போய்விட்டன, ஆனால் பலரிடம் புத்தகம் கையில் இருக்கிறது, பேக்கோடு தூக்கிக்கொண்டு ஓடியதால் தப்பியது. அந்தப் புத்தகத்தை மட்டும் கேட்டு ஆள் வருகிறது. எனக்கும் வந்தான், அப்பாவின் ஏ40 புத்தகத்துக்கு ஒன்றரை லட்சம் சொன்னான், கார் வேண்டாமாம். எதற்கு என்று கேட்டேன், சிரித்தான். வேறெங்கோ பதிவு இல்லாமல் கிடக்கும் காருக்கு அப்பாவின் இலக்கத்தைப் போட்டு, தகட்டை மாற்றி ஓட்டத்தான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்களே, அதற்குப் பிறகு பழைய இரும்புக்கும் விலை, பழைய காகிதத்துக்கும் விலை. கொடுக்கவில்லை. அப்பா அந்தக் காரில் பெட்டி பெட்டியாக வெங்காயம் ஏற்றியவர், காரும் இல்லை அவரும் இல்லை, புத்தகம் ஒரு பொலித்தீனுக்குள் இருக்கிறது.

குளக்கட்டு:
எல்லோருக்கும் நன்றி. இன்றைக்கு மறுபடி போய்ப் பார்த்தேன். ஒற்றைக் கண்ணாடிதான். செசித் தகடு பழைய ஆணி, இலக்கம் புத்தகத்தோடு ஒத்துப்போகிறது, கடைசி எழுத்து மட்டும் 3ஆ 8ஆ என்று தெரியவில்லை, வெயில் சரிந்த பிறகு டோர்ச் அடித்துப் பக்கவாட்டில் பார்த்தேன், 3. எஞ்சின் 10எம்ஏ! கராச் அண்ணை சொன்ன அதே கதை. விற்பவரின் தாய் சொல்கிறார், இந்த எஞ்சின் 88இலோ என்னவோ கொக்குவிலில் வாங்கிப் போட்டதாம், தொண்ணூறுகளில் மண்ணெண்ணெயில்தான் ஓடினதாம், பெற்றோல் ஒரு சின்ன மருந்துப் போத்தலில் வைத்திருந்து கார்பரேட்டருக்குள் நாலு சொட்டு விட்டு ஸ்ராட் பண்ணுவார்களாம். அந்தப் போத்தலைக் கட்டிய கம்பி இன்னும் பொனெற்றுக்குள் தொங்குகிறது.

இன்னொன்று தெரிய வந்தது. விற்பவருக்கு ஒரு தம்பி, 2009இல் காணாமல் போனவர். அவருடைய மனைவி முள்ளியவளையில் இருக்கிறா. கார் விற்பது அவவுக்குத் தெரியுமா என்று கேட்டேன், விற்பவர் பேச்சை மாற்றிவிட்டார்.

மாங்குளம் கராச்:
எஞ்சின் மாற்றியதைப் பதிவில் ஏற்ற வேண்டும், எஞ்சின் வாங்கிய ரசீதும் மோட்டார் வாகனப் பரிசோதகரின் பார்வையும் வேண்டியிருக்கும். 88இல் கொக்குவிலில் வாங்கியதற்கு எங்கே ரசீது. வாங்கியவர் இல்லை, விற்ற கடை இருந்த ஒழுங்கையே இருக்கிறதோ தெரியாது. முடிந்தால் ஒரு 948 எஞ்சினைத் தேடி வைத்துக்கொள் என்று சொல்ல மாட்டேன், அதன் இலக்கமும் ஒத்துவராதே. சத்தியக்கடதாசி ஒன்று தாயிடம் வாங்கு, எந்த வருடம், யாரிடம், எவ்வளவுக்கு என்று அவ நினைவில் உள்ளதை எழுதி ஜே.பி. (சமாதான நீதவான்) முன்னால் கையெழுத்து. அது ரசீது ஆகாது, ஆனால் பரிசோதகர் முன்னால் வெறுங்கையோடு நிற்பதை விட மேல்.

மருதமரநிழல்:
நான் பெரும்பாலும் வாசித்துவிட்டுப் போகிறவள், ஆனால் கடைசிப் பதிவைப் பார்த்தபின் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் கணவரும் 2009இல் காணாமல் போனவர். அவர் பெயரில் ஒரு மோட்டார் சைக்கிளும் ஒரு லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரமும் இருந்தன. விற்கப் போனால் மரணச் சான்றிதழ் கேட்டார்கள். 2010இல் வந்த மரணப் பதிவு (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டத்தின் கீழ் எடுக்கலாம் என்று விதானையார் சொன்னார், நான் எடுக்கவில்லை. எடுத்தால் அவர் இறந்துவிட்டார் என்று நானே கையெழுத்துப் போட்ட மாதிரி. 2016இல் அந்தச் சட்டத்தைத் திருத்திக் காணாமற்போனமைக்கான சான்றிதழ் என்று ஒன்று கொண்டுவந்தார்கள், பிறகு அதைத்தான் எடுத்தேன். அதை வைத்துக்கொண்டு ஒவ்வொரு அலுவலகத்திலும் இது என்ன, இது எதற்குச் செல்லும் என்று நானே விளக்க வேண்டியிருந்தது. லான்ட்மாஸ்ரர் இன்னும் பின்வளவில் நிற்கிறது, அதில் கோழி அடைகாக்கிறது.

தம்பி, முள்ளியவளையில் இருக்கும் அந்தப் பிள்ளையிடம் நீங்கள் போய்ப் பேசுங்கள், புருசனின் தமையன் மூலமாக வேண்டாம். அவவுக்குப் பங்கு உண்டா இல்லையா என்பதைச் சட்டத்தரணி சொல்லட்டும். ஆனால் மாமனாரின் கார் போனதை ஊரார் சொல்லி அவ கேட்கக் கூடாது.

குளக்கட்டு:
சரி அக்கா. நாளைக்கே போகிறேன்.

ரொறன்ரோ குளிர்:
நான் வெளியில் இருந்து எழுதுகிறேன். வாத்தியாரின் பிள்ளைகள் இங்கே எங்காவது இருந்தால் பயப்படத் தேவையில்லை, அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் கையெழுத்துப் போட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) எழுதி இலங்கைத் தூதரகத்திலோ துணைத் தூதரகத்திலோ அத்தாட்சிப்படுத்தி அனுப்பலாம், ஊரில் பதிவு செய்ய வேண்டும். என் அம்மாவின் காணிக்கு அப்படித்தான் செய்தோம். வாகனம் என்றால் இலக்கம், செசி இலக்கம், எஞ்சின் இலக்கம் மூன்றையும் தத்துவத்துக்குள் எழுதச் சொல்லுங்கள். நாங்கள் முதல்தடவை 'எனது சொத்துகள் அனைத்தும்' என்று பொதுவாக எழுதி அனுப்பினோம், திருப்பி அனுப்பிவிட்டார்கள், இன்னொரு முறை பனிக்குள் பஸ் ஏறிப் போனேன்.

ஓவசியர்:
நல்லது. ஒன்று சேர்த்துக்கொள்: தத்துவம் கொடுத்தவர் இறந்தால் தத்துவமும் முடிந்தது. 86இல் வாத்தியார் கொடுத்த தத்துவம் இருக்கிறது என்று யாராவது நீட்டினால் வாங்காதே.

வரி விசயத்தையும் சொல்லிவிடுகிறேன். வருமான அனுமதிப்பத்திரம், நாம் லைசன் என்று சொல்வது, மாகாண விவகாரம், பிரதேச செயலகத்தில் எடுப்பது. ஓடாத வாகனத்துக்கு 'பாவனையில் இல்லை' என்று அறிவித்திருந்தால் நிலுவை ஏறாது, இடம்பெயர்ந்து ஓடிய சனம் அதை எங்கே அறிவித்தது. ஆகவே அந்த இலக்கத்துக்கு எவ்வளவு நிலுவை, தண்டம் எவ்வளவு என்று முதலே கேட்டு எழுதி வாங்கி, அதை விலையில் கழி. பிறகு நாரஹேன்பிட்டியில் திணைக்களத் தலைமை அலுவலகத்தில் அந்த இலக்கத்தின் பதிவுச் சாறு (பதிவேட்டில் உள்ளதன் பிரதி) ஒன்று எடு. பதிந்த சொந்தக்காரர் யார் என்பது மட்டுமல்ல, அப்சலூட் ஓனர் என்ற இடத்தில் யாராவது இருக்கிறார்களா என்று பார். அறுபதுகளில் தவணைக்கு எடுத்த கார் என்றால் அந்த இடத்தில் ஒரு கம்பனிப் பெயர் இன்னும் குந்திக்கொண்டிருக்கும், கடன் கட்டி முடித்தும் யாரும் வெட்டியிருக்க மாட்டார்கள். அந்தக் கம்பனி இன்றைக்கு இல்லை என்றால் அது தனிக் கூத்து. எங்கே போவது என்ன கொண்டுபோவது என்று அரசாங்கத் தகவல் நிலையத்தின் 1919க்குப் போன் அடித்துத் தமிழில் கேட்கலாம், அலைச்சல் ஒரு நாள் குறையும்.

மைனர் மகேந்திரன்:
இங்கிலாந்தில் கெய்டன் என்ற இடத்தில் பிரித்தானிய மோட்டார் அருங்காட்சியகம் இருக்கிறது, பழைய மொரிஸ், ஒஸ்ரின் உற்பத்திப் பதிவேடுகள் அவர்களிடம் இருக்கின்றன. செசி இலக்கம் கொடுத்தால் தொழிற்சாலையில் போட்ட எஞ்சின் இலக்கம், நிறம், எந்த நாட்டுக்கு ஏற்றினார்கள் என்று பார்த்துச் சான்றிதழ் தருவார்கள், காசு கட்டவேண்டும். அதை வைத்துப் பெயர் மாற்றலாமே?

ஓவசியர்:
மாற்ற முடியாது. அது காரின் பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி அல்ல. சுவரில் மாட்டி வைக்க நல்லது.

பாலைப்பழம்:
சிறீ இலக்கத் தகட்டை அப்படியே வைத்திருக்கலாமா, அல்லது புது எழுத்து இலக்கம் எடுக்கச் சொல்வார்களா? அது போனால் காருக்கு அழகே போய்விடும்.

ஓவசியர்:
பதிவு இலக்கம் வாகனத்தோடு போவது, பெயர் மாறினால் இலக்கம் மாறாது. ஆனால் அழகு என்று நீ சொல்வது எனக்குச் சிரிப்பு. 1957இல் அந்தச் சிங்களச் சிறீ வந்தபோது நம் பக்கத்தில் அதைத் தார் பூசி அழித்தார்கள், தமிழ்ச் சிறீ எழுதி ஓட்டி மறியலுக்குப் போனார்கள். என் பெரியப்பா தன் காருக்கும் பூசினார், பூசிய தார் மட்காட்டில் வழிந்து கடைசிவரை போகவில்லை. இன்றைக்கு அதே சிறீக்கு இரண்டு லட்சம் கூடக் கேட்கிறார்கள். அதற்கும் முந்திய ஈ.எல்., ஈ.என்., சீ.என். இலக்கங்கள், சிலோன் என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகள், அவை இன்னும் விலை.

குளக்கட்டு:
இரண்டு கிழமைக்குப் பிறகு வருகிறேன், மன்னிக்கவும், வயல் விதைப்பு.

முள்ளியவளைக்குப் போனேன். அந்த அக்காவுக்குக் கார் விற்பது தெரியாது. கோபப்படவில்லை, காரில் தன் கலியாணத்துக்குப் போனதைச் சொன்னா, பிறகு பங்கு என்று எதுவும் வேண்டாம், மகன் படிக்கிறான், அவன் பெயருக்கு ஏதாவது போட்டால் போதும் என்றா. விற்பவரிடம் சொன்னேன், கொஞ்சம் முகம் கறுத்தது, பிறகு சரி என்றார். விற்பவர், தாய், இந்த அக்கா மூன்று பேரும் கையெழுத்திடுவதாகப் பேச்சு.

வாத்தியாரைத் தேடிச் சாவகச்சேரிக்குப் போனால் அந்த விலாசத்தில் இப்போது ஒரு தொலைபேசிக் கடை. பக்கத்து மருந்துக்கடைப் பெரியவர்தான் கை காட்டினார். வாத்தியார் 1998இல் தவறிவிட்டார், மகள் ஒருவர் இங்கே, மகன் கனடாவில். மகளுக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். இலக்கத்தைச் சொன்னதும் செசி இலக்கத்தைக் கேட்டா, நான் வாசிக்க உள்ளே போய் ஒரு பழைய கொப்பியைக் கொண்டுவந்தா. தகப்பன் 74இல் தன் பெயருக்கு மாற்றியதில் இருந்து 86 ஆடியில் விற்றது வரைக்கும் ஒவ்வொரு ரயர், ஒவ்வொரு பற்றரி, விலையோடு எழுதி வைத்திருக்கிறார். கடைசி வரியில் என் விற்பவரின் தகப்பன் பெயர், 'முழுப்பணமும் பெற்றேன்', கீழே இரண்டு கையெழுத்து. படம் எடுக்க விட்டா, கொப்பியைத் தரமாட்டாவாம்.

கையெழுத்துப் போடுவதில் அவவுக்கு மறுப்பில்லை, ஆனால் 86க்குப் பிறகு அந்தக் காரால் நடந்த எதற்கும் தங்கள் குடும்பம் பொறுப்பில்லை என்று சட்டத்தரணி மூலமாக எழுதித் தரச் சொல்கிறா, நியாயம்தானே. மகன் தத்துவம் அனுப்ப இரண்டு மாதமாவது எடுக்குமாம். வாத்தியாரின் சொத்துக்கு வழக்குப் போட வேண்டுமா, பிள்ளைகளின் பத்திரங்களே போதுமா என்பதைத் திணைக்களத்தில் அந்த இலக்கத்துக்கு எழுத்தில் கேட்டிருக்கிறோம். அதுவரைக்கும் விற்பவருக்கு இருபத்தையாயிரம் மட்டும் முற்பணம், ரசீதோடு. மீதி பெயர் மாறிய அன்று. விலை ஏழே முக்காலுக்கு வந்தது, நிலுவை வரியையும் எஞ்சின் கதையையும் சொல்லித்தான்.

வைரவர்கோயிலடி:
இருபத்தையாயிரத்துக்கு இரண்டு மாதம் கார் காத்திருக்குமா? கொழும்பில் இருந்து ஒருவன் முழுக்காசோடு வந்தால் தூக்கிவிடுவான்.

குளக்கட்டு:
வந்துவிட்டான் அண்ணை, போன ஞாயிறு. பத்து லட்சம், பேப்பர் ஒன்றும் வேண்டாமாம், புத்தகமும் தகடும் போதுமாம். விற்பவர் எனக்குப் போன் அடித்துச் சொன்னார். தாய் விடவில்லையாம்.

நெடுங்கேணியான்:
அதே ஆள்தான். சிரித்தானா என்று கேட்டுப் பார்.

மருதமரநிழல்:
அம்மாவுக்கு என் வணக்கம் சொல்லுங்கள்.

குளக்கட்டு:
சொல்கிறேன் அக்கா. அதற்கிடையில் மாங்குளம் அண்ணை, எஸ்.யு. கார்பரேட்டர் ஒன்று வேண்டும், இருந்ததை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள், மனிபோல்டில் துணி அடைத்திருக்கிறது. வவுனியாவில் கேட்டேன், இந்தியச் சாமான் ஒன்று காட்டினார்கள், பொருந்துமா?

மாங்குளம் கராச்:
வாங்காதே. பெயர் மாறும்வரைக்கும் சாமானுக்கு ஒரு சதமும் போடாதே. துணியை எடுத்துவிட்டு இறுக்கமாக ஒரு தகரம் அடித்து மூடு, மழை வருகிறது, எலி கூடு கட்டும். என் கராச்சில் ஒன்று கிடக்கிறது, ஊசி தேய்ந்தது, மண்ணெண்ணெய் குடித்த சாமான். எடுத்து வைக்கிறேன்.